ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: முதல் வேலை உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில்தான்

கேள்வி: கோயம்புத்தூரில் உள்ள ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஏழாவது செமஸ்டரை ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவியாகப் படிக்க எங்கள் கல்லூரி என்னைப் பரிந்துரைத்திருக்கிறது. புறப்பட இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. நகையை அடகு வைத்தாவது பணம் கட்டுகிறேன் என்கிறார் அப்பா. தெரியாத ஊரில் நான் தனியாக இருப்பதை நினைத்து அம்மா பயப்படுகிறார். ஜெர்மன் மொழி தேவையே இல்லை என்று ஒரு சீனியர் சொல்கிறார். போனால் ஓராண்டு வீணாகும் என்று இன்னொருவர் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

மாணவி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் விசா, பணம், பெட்டி ஆகிய மூன்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். கல்லூரிகளின் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவில் இருந்துகொண்டு பரிமாற்றத் திட்டங்களில் மாணவர்களை அனுப்பிவரும் எனக்கு, அந்த மூன்றும் உழைத்தால் முடிந்துவிடும் வேலைகளாகவே தெரிகின்றன. உண்மையில் துன்பப்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியில் துன்பப்படவில்லை. நல்ல மதிப்பெண்ணோடு ஊர் திரும்பிய பிறகு, அதைத் தம் சொந்தக் கல்லூரியை ஏற்கவைக்க முடியாமல் அலைந்தவர்கள் அவர்கள். ஓராண்டு வீணாகும் என்று உங்கள் சீனியர் சொன்னது அப்படி அலைந்த ஒருவரைப் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். அதைத் தவிர்க்க முடியும். ஆனால் அதற்கான வேலையை நீங்கள் இந்த மாதமே, உங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் தொடங்க வேண்டும்.

இரு நாடுகளின் கல்வி நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதுதான் இதற்கெல்லாம் காரணம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. டிரெஸ்டனில் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முற்பகுதியில் முடியும். அதன்பின் வரும் தேர்வு வாரங்கள் மார்ச் தொடக்கம் வரை நீளும். உங்கள் கல்லூரியிலோ ஏழாவது செமஸ்டர் ஜூன் அல்லது ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். நீங்கள் டிரெஸ்டனில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது இங்கே எட்டாவது செமஸ்டர் பாதி கடந்திருக்கும். ஆகவே ஜூலை முதல் செப்டம்பர் வரை நீங்கள் எந்த வகுப்பிலும் இல்லாத மாணவியாக இருப்பீர்கள், பிப்ரவரியில் ஒரே நேரத்தில் இரண்டு செமஸ்டர்களில் இருப்பீர்கள். எட்டாவது செமஸ்டரில் பெரும்பாலும் புராஜெக்ட் மட்டுமே இருப்பது உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. புராஜெக்ட் வழிகாட்டியை ஆகஸ்டிலேயே நியமிக்கச் சொல்லுங்கள். முதல் மதிப்பாய்வை இணையவழியில் நடத்த முடியுமா, வருகைப்பதிவுக் குறைவுக்கு விலக்கு உண்டா என்று கேளுங்கள். வாய்மொழியாகச் சரி என்பதோடு விட்டுவிடாமல், முதல்வரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் கையெழுத்திட்ட கடிதமாக வாங்குங்கள். நீங்கள் திரும்பி வரும்போது அந்த நாற்காலிகளில் வேறு ஒருவர் அமர்ந்திருக்கலாம்.

வளாக நேர்காணல் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் ஏழாவது செமஸ்டர்தான் நிறுவனங்கள் வந்து போகும் காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை நடப்பவற்றில் நீங்கள் நேரில் கலந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு வரும் நிறுவனங்களுக்கு இணையவழியில் கலந்துகொள்ள அனுமதி உண்டா என்பதை வேலைவாய்ப்புப் பிரிவில் இப்போதே கேட்டுவிடுங்கள். முடியாது என்று சொன்னால், அந்த இழப்பையும் கணக்கில் வைத்துக் குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அடுத்தது, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதை இரு கல்லூரிகளும் நீங்களும் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ளும் கற்றல் ஒப்பந்தம். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழு செமஸ்டர் என்பது 30 கிரெடிட். ஜெர்மனியில் ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பும் தனிப்படிப்பும் சேர்த்து ஏறத்தாழ 30 மணிநேர உழைப்பை எதிர்பார்ப்பார்கள். எனவே 30 கிரெடிட்டையும் எடுத்தே தீர வேண்டும் என்று உங்கள் கல்லூரி சொல்லாவிட்டால் 20 முதல் 25 வரை எடுப்பதே அறிவுடைமை என்பேன். டிரெஸ்டனில் இயந்திரப் பொறியியல் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில், இளநிலை, முதுநிலை எனப் பிரியாத பழைய டிப்ளோம் பட்ட முறையில் நடக்கிறது. ஆங்கிலவழிப் பாடங்கள் அங்கு குறைவு. அவற்றிலும் சில கோடை செமஸ்டரில் மட்டுமே நடக்கும். பாடப் பட்டியலில் ஒரு பாடத்தின் பெயரைப் பார்த்தவுடன் எழுதிக்கொள்ளாமல், அது குளிர்காலத்தில் நடக்கிறதா, எந்த மொழியில் நடக்கிறது, முன்தகுதியாக வேறு பாடம் படித்திருக்க வேண்டுமா என்ற மூன்றையும் பாடக் கையேட்டில் சரிபாருங்கள். தேர்ந்தெடுத்தவற்றுக்கு மேல் இரண்டு மூன்று மாற்றுப் பாடங்களுக்கும் உங்கள் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வையுங்கள். அங்கே போன முதல் வாரத்தில் இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் மோதுவதும், ஒரு பாடம் அந்த ஆண்டு நடைபெறாமல் போவதும் சாதாரணமாக நடக்கும். அப்போது ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து புதிய ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

மதிப்பெண் மாற்று விகிதமும் அந்த ஒப்பந்தத்தோடு சேர வேண்டும். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்த மதிப்பு, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. அங்கே 2.3 என்பது மரியாதையான மதிப்பு. அதை உங்கள் கல்லூரி எந்த கிரேடாக எடுத்துக்கொள்ளும் என்பது எழுத்தில் இல்லையென்றால், நீங்கள் திரும்பிய பிறகு அது ஒரு குமாஸ்தாவின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடும். கிரெடிட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு கிரேடைக் கணக்கில் சேர்க்காத கல்லூரிகளும் உண்டு; உங்கள் ஒட்டுமொத்த சராசரிக்கு அது நல்லதா இல்லையா என்பதை இப்போதே கணக்கிட்டுப் பாருங்கள்.

தேர்வு பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே நீங்கள் வகுப்பில் சேர்ந்து, வருகைப்பதிவு குறையாமல் இருந்தாலே தேர்வு எழுதத் தகுதி வந்துவிடுகிறது. உள்மதிப்பீடு, வருகைப்பதிவு, மாதிரித் தேர்வு என்று யாராவது உங்களை இழுத்துக்கொண்டே போகிறார்கள். அங்கே விரிவுரைக்கு நீங்கள் வந்தீர்களா என்று எவரும் கேட்க மாட்டார்கள். பல பாடங்களில் செமஸ்டர் முடிவில் வரும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண்ணையும் தீர்மானிக்கும். அந்தத் தேர்வுக்குத் தனியாக, குறித்த தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும். பாடத்தை முழுக்கப் படித்திருந்தும் பதிவுத் தேதியைத் தவறவிட்டதால் தேர்வு எழுத முடியாமல் போன மாணவர்களை நான் அறிவேன். சென்ற முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பேராசிரியரிடமும் பரிமாற்ற மாணவர்களுக்குத் தேர்வுப் பதிவு எப்படி என்று நேரில் கேளுங்கள். மார்ச் மாதத்துக்கு முன் ஊர் திரும்ப விமானச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். தேர்வுத் தேதிகள் பெரும்பாலும் செமஸ்டரின் நடுவில்தான் உறுதியாகும்.

இனிப் பணம். உங்கள் தந்தையிடம் முதலில் சொல்ல வேண்டியது, இது கல்விக் கட்டணம் அல்ல என்பதை. பரிமாற்ற ஒப்பந்தத்தின்படி நீங்கள் வழக்கமான கட்டணத்தை உங்கள் கல்லூரியில்தான் கட்டுவீர்கள். டிரெஸ்டனில் சில நூறு யூரோ செமஸ்டர் பங்களிப்பு மட்டுமே உண்டு, அதில் பேருந்து, டிராம், ரயில் பயணச்சீட்டும் அடங்கும். விசாவுக்காகக் காட்ட வேண்டிய தொகை உங்கள் வாழ்க்கைச் செலவுக்கானது. 2024 செப்டம்பரில் அது மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள தொகையைத் தூதரக இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தங்கப்போவது ஆறு மாதம் என்றால் ஆறு மாதத்துக்கான தொகையைக் காட்டினால் போதும். 992 என்ற கணக்கில் அது 5,952 யூரோ. ஓராண்டுத் தொகையைக் கட்டச் சொல்லும் முகவர்களை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். இந்தப் பணத்தை பிளாக்டு அக்கவுண்ட் எனப்படும் கணக்கில் செலுத்தியதும் அது முடங்கிவிடும். நீங்கள் ஜெர்மனி சென்றபின் மாதந்தோறும் உங்களுக்கே திரும்பி வரும்.

நகையை அடகு வைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரு கல்லூரிகளுக்கும் இடையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் நிதி உண்டா என்பது ஒன்று. ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை அமைப்பான டாட் வழங்கும் உதவித்தொகையில் உங்களுக்கு ஏற்றது ஏதும் உண்டா என்பது மற்றொன்று. போதிய உதவித்தொகைக்கான கடிதம் இருந்தால் முடக்கக் கணக்கே தேவைப்படாது. இவை இரண்டும் இல்லையென்றால், வங்கிக் கல்விக்கடனை அடகுக்கடனோடு ஒப்பிட்டு வட்டியைப் பாருங்கள். எதுவானாலும், முடக்கிய தொகைக்கு வெளியே 1,500 யூரோ அளவுக்குக் கையிருப்பு வேண்டும் என்பது என் கணிப்பு. வீட்டு அட்வான்ஸ், முதல் மாத வாடகை, காப்பீடு, செமஸ்டர் பங்களிப்பு ஆகிய எல்லாம் முதல் மாதத் தவணை கைக்கு வருவதற்கு முன்பே வந்து நிற்கும். பகுதிநேர வேலையை வரவில் எழுதவே எழுதாதீர்கள். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை வேலை செய்யலாம் என்றாலும், சில மாதங்களுக்கு மட்டும் வரும், ஜெர்மன் பேசத் தெரியாத ஒருவருக்கு வேலை கிடைப்பது அரிது.

விசாவைப் பொறுத்தவரை, 90 நாட்களுக்கு மேல் தங்குவதால் உங்களுக்குத் தேவை ஷெங்கன் சுற்றுலா விசா அன்று, டி வகைத் தேசிய விசா. கட்டணம் 75 யூரோவுக்கு ஈடான ரூபாய். டிரெஸ்டனிலிருந்து அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள், ஏனென்றால் பரிசீலனைக்குப் பல வாரங்கள் ஆகும். தங்கும் காலத்தைக் குறிப்பிடும் இடத்தில் தேர்வு வாரங்கள் முடியும் மார்ச் மாதம் வரை சேர்த்து எழுதுங்கள்; விசா முழுக் காலத்துக்கும் கிடைத்துவிட்டால் டிரெஸ்டனில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிராது. முழுப் பட்டப்படிப்புக்குச் செல்லும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது. அவர்களுக்கான ஆவணப் பட்டியலையும் பரிமாற்ற மாணவர்களுக்கானதையும் குழப்பிக்கொண்டு ஆலோசனை சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். உங்கள் வகைக்கெனத் தூதரகம் வெளியிட்டுள்ள பட்டியலை வரிக்கு வரி பின்பற்றுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மறுபரிசீலனை மனு கொடுக்கும் வழி 2025 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் செல்ல வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பத்தைக் குறையில்லாமல் கொடுப்பதே வழி.

தங்குமிடத்துக்கு மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதிகளை முதலில் நாடுங்கள். அனுமதிக் கடிதத்துக்குக் காத்திராமல் விண்ணப்பிக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். அங்கே இடம் கிடைக்காவிட்டால், நண்பர்கள் சேர்ந்து வாழும் பகிர்வு வீடுகளில் ஒரு செமஸ்டருக்கு வெளியூர் செல்பவர் தம் அறையை உள்வாடகைக்கு விடுவதுண்டு. உங்களுக்கு அது மிகவும் பொருந்தும். நேரில் பார்க்காத வீட்டுக்கு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லி அட்வான்ஸ் கேட்பவருக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். அட்வான்ஸ் தொகை, வெப்பச் செலவு நீங்கலான வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். வாடகை பேசும்போது வெப்பம், தண்ணீர் முதலியவை சேர்ந்த தொகையா, சேராத தொகையா என்று கேளுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு குளிர்காலத்தில் பெரிதாகத் தெரியும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் தேவை. அதைத் தர மறுப்பவரின் வீட்டில் குடியேறவே வேண்டாம்.

உடல்நலக் காப்பீட்டில் ஊரில் விற்கும் மலிவான பயணக் காப்பீடு வழியில் செல்லும் நாட்களுக்கு மட்டுமே உதவும். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய, ஜெர்மன் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று உங்கள் காப்பீட்டு நிலையைப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தெரிவிக்க வேண்டும். 30 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு இது மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். உங்கள் 992 யூரோவில் இதைக் கழித்துவிட்டே மற்றச் செலவுகளைத் திட்டமிடுங்கள். வழக்கமாக உண்ணும் மருந்து இருந்தால் மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டவுடன் ஆன்டிபயாடிக் தரும் வழக்கம் அங்கே இல்லை.

மொழி தேவையில்லை என்ற சீனியரின் கருத்தை நான் ஏற்கவில்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் வாடகை ஒப்பந்தம், நகராட்சிக் கடிதம், காப்பீட்டுக் கடிதம், விடுதிக் காவலரின் அறிவிப்பு எல்லாம் ஜெர்மனில்தான் வரும். டிரெஸ்டன் முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் நகரம். அங்கே வயதில் மூத்த பலர் பள்ளியில் ரஷ்ய மொழி படித்தவர்கள், அவர்களிடம் ஆங்கிலத்தை எதிர்பார்க்க முடியாது. எட்டு மாதத்தில் ஏ1, ஏ2 ஆகிய இரு தொடக்க நிலைகளை முடிக்க முடியும். சென்னையிலுள்ள கோத்தே நிறுவனத்தின் இணையவழி வகுப்புகளும், டாய்ச்ச வெல்ல வானொலி இலவசமாகத் தரும் பாடங்களும் கோயம்புத்தூரிலிருந்தே படிக்கக் கூடியவை. ஜூலை முதல் செப்டம்பர் வரை உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளியை இதற்கு முழுமையாகக் கொடுங்கள்.

உங்கள் தாயாரின் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. டிரெஸ்டனில் குடியேறிகளுக்கு எதிரான பெகிடா ஊர்வலங்கள் 2014 முதல் பத்தாண்டுகள் நடந்தன என்பது உண்மை; டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் அந்த அரசியலுக்கு ஆதரவும் உண்டு. அதே நகரத்தில் பல நாடுகளிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான மாணவர்கள் படித்து, இரவு நூலகத்திலிருந்து டிராமில் அறைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் தாயாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அங்குள்ள இந்திய மாணவியர் ஒருவரோடு அவரைத் தொலைபேசியில் பேசவையுங்கள். என் சொல்லைவிட அந்தப் பேச்சு அவருக்கு ஆறுதல் தரும். வெளிநாட்டு மாணவர் அலுவலகம் உள்ளூர் மாணவர் ஒருவரைத் துணையாக நியமிக்கும் திட்டத்தில் மறக்காமல் பெயர் கொடுங்கள். அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 110, இரவில் மருத்துவ ஆலோசனைக்கு 116117 ஆகிய எண்களை இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அந்த வாரங்களில் காரணமின்றி மனம் சோர்வது தென்னிந்திய மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் அனுபவம். மாணவர் நல அமைப்பில் உளவியல் ஆலோசனை கிடைக்கும், அதை நாடத் தயங்காதீர்கள்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடித்த குளிர் அங்கியையும் காலணியையும் அங்கேயே வாங்குங்கள். ஆனால் அம்மா கட்டித்தரும் உணவுப் பொட்டலங்களில் எச்சரிக்கை தேவை: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரத் தடை உண்டு. நெய், பால்கோவா, நெய் சேர்த்த மைசூர்பாகு எல்லாம் இதில் சிக்கக்கூடியவை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளி, காய்ந்த மிளகாய் ஆகியவை முத்திரையிட்ட பொட்டலமாக இருந்தால் சிக்கல் இல்லை. இந்திய மூன்றுமுனை மின்செருகி அங்குள்ள துளையில் பொருந்தாது. மின்னழுத்தம் 230 வோல்ட்தான் என்பதால் மாற்றுச்செருகி ஒன்று இருந்தால் சிறிய குக்கர் வேலை செய்யும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்; சனிக்கிழமை தரையிறங்குவதாக இருந்தால் இரண்டு நாள் உணவைக் கையில் வைத்திருங்கள்.

திரும்பும் வேளையில் செய்ய வேண்டியவற்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முகவரிப் பதிவை நீக்கியதற்கான சான்றை நகராட்சியில் வாங்குங்கள். முகவரி பதிவானதும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். வீட்டில் ஒருவர் கட்டினால் போதும் என்பதால் உடனிருப்பவர் கட்டுகிறாரா என்று கேட்டுப் பதில் எழுதுங்கள், வெளியேறும்போது அதையும் முறைப்படி முடித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டை நிறுத்துங்கள், ஆனால் அட்வான்ஸ் திரும்பி வரும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். மதிப்பெண் பட்டியல் தேர்வு முடிந்து பல வாரங்கள் கழித்தே வரும். உங்கள் பட்டமளிப்புக்கான முடிவுகளை ஏப்ரலில் வெளியிடும் தேர்வுப் பிரிவு அதற்காகக் காத்திருக்கும் என்ற ஒரு வரியை, நான் முதலில் கேட்கச் சொன்ன கடிதத்திலேயே சேர்த்து எழுதி வாங்குங்கள்.